உடையும் என்று தெரிந்தே போட்ட ரோடு

(இந்த எபிசோடின் பேச்சை வாசிப்பதற்கேற்ப லேசாகத் திருத்தித் தந்திருக்கிறோம்.)

இந்த எபிசோட்ல ஒரே ஒரு ரோட்டோட கதையைப் பேசப் போறோம். ஐஸ்லாந்து நாட்டோட ஒன்றாம் எண் சாலை. அவங்க மொழியில 'ஹ்ரிங்வேகுர்'. ஹ்ரிங்னா வளையம், வேகுர்னா வழி. தீவைச் சுத்தி ஒரு மோதிரம் போட்ட மாதிரி 1,300 கிலோமீட்டருக்கும் மேல ஓடுற ரோடு.

பேர் தெரியலைன்னாலும் இந்த ரோட்டை நீங்க நிச்சயம் பார்த்திருப்பீங்க. இன்ஸ்டாகிராம்ல அருவி, பனியாறு, கறுப்பு மணல் கடற்கரை, நெத்தியில முடி தொங்குற குட்டைக் குதிரைன்னு எது வந்தாலும், அதுல முக்கால்வாசி இந்த ரோட்ல இருந்து கூப்பிடு தூரத்துல எடுத்ததுதான். நானும் என் கணவரும் செப்டம்பர் மாசம் பத்து நாள் லீவு போட்டு, ஒரு சின்ன வாடகைக் கார்ல இதை முழுசா ஒரு சுத்து வந்தோம். பின் சீட்ல பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஒரு ரைஸ் குக்கர். முன் சீட்ல நாங்க ரெண்டு பேர்.

ஆனா எங்க தங்கலாம், எந்த அருவியில ரெயின்கோட் போடணும்ங்கற டிராவல் எபிசோட் இல்ல இது. எனக்கு வேற ஒரு கேள்வி. இந்த வளையம் முழுசா மூடினது 1974 ஜூலை 14 அன்னைக்குத்தான். நிலாவுக்குப் போன அப்போலோ வீரர்களுக்கு 1965-லயும் 1967-லயும் பாறைகளைப் பத்தின பயிற்சி கொடுத்ததே ஐஸ்லாந்துலதான். அங்க பயிற்சி எடுத்த நீல் ஆம்ஸ்ட்ராங் 1969-ல நிலாவுல இறங்கிட்டார். அதுக்கு அப்புறமும் அஞ்சு வருஷத்துக்கு, ஐஸ்லாந்துக்காரங்களால தங்கள் சொந்த நாட்டைக் கார்ல ஒரு சுத்து வர முடியல.

ஏன் இவ்வளவு லேட்? கடைசியா மிச்சமிருந்த அந்தத் துண்டுல அப்படி என்ன இருந்தது? அந்தப் பக்கம் இருந்ததோ ஒரு சில பண்ணைகள். அவங்களை இணைக்க ஒரு சின்ன நாடு இவ்வளவு செலவு பண்ணியிருக்கணுமா?

இந்தக் கடைசிக் கேள்வியிலதான் எங்க ரெண்டு பேருக்கும் கார்லயே வாக்குவாதம் ஆரம்பிச்சது. என் கணவருக்கு ரோடு திட்டங்களுக்கு ட்ராஃபிக் கவுன்ட் எடுத்து ரிப்போர்ட் எழுதுற வேலை. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகுது, ரோடு போட்டா எத்தனை பேருக்குப் பலன், செலவுக்கு அது ஈடாகுமா, இதான் கணக்கு. அந்த ரிப்போர்ட்ல 'பயனாளிகள் எண்ணிக்கை குறைவு'ன்னு ஒரு வரி வந்தா, ஒரு ஊருக்கு ரோடு வராமலே போகலாம். அதனால அவருக்கு இது வெட்டிப் பேச்சு இல்ல.

அந்த வாக்குவாதத்துக்கு அப்புறம் வர்றேன். முதல்ல தலைநகர் ரெய்க்யவிக்ல இருந்து கிழக்கே கிளம்பி, ரோட்டு வரிசையிலயே கதையைச் சொல்றேன்.

ரோட்டை வெட்டிக் காப்பாற்றிய பாலம்

ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி ஓட்டறது வலது பக்கம். முதல் ரெண்டு மணி நேரம் நான் வைப்பரைத்தான் இண்டிகேட்டர்னு போட்டுட்டு இருந்தேன். ஐஸ்லாந்துக்காரங்களும் 1968 மே 26 வரைக்கும் நம்மளை மாதிரி இடது பக்கமாத்தான் ஓட்டினாங்க. அந்த ஒரே நாள்ல நாடே பக்கம் மாறிடுச்சு. ரோடுங்கறது எவ்வளவு புதுசு அந்த ஊருக்குன்னு புரிஞ்சுக்க இது ஒரு நல்ல அடையாளம். முதல் மோட்டார் கார் அந்தத் தீவுக்கு வந்ததே 1904-லதான். கொண்டுவந்தவர் டிட்லெவ் தாம்சென்ங்கற வணிகர். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, மறுபடியும் வருவார்.

ரெய்க்யவிக்கை விட்டு ரெண்டு மணி நேரம் போனா மார்கர்ஃப்ளியோட் ஆறு. அகலமான கல்லுப் படுகை, நடுவுல சாம்பல் நிறத் தண்ணி, மேல ஒரு சாதாரண பாலம். யாரும் நிறுத்திப் போட்டோ எடுக்கற இடம் இல்ல. ஆனா 2010 ஏப்ரல் 14 அன்று இந்தப் பாலத்துக்கு ஒரு பெரிய சோதனை வந்தது.

எய்யாஃப்யாட்லாயோகுட்ல். இந்தப் பேரைச் சொல்ல உலகத்துல இருக்கற நியூஸ் ரீடர் எல்லாரும் திணறினது ஞாபகம் இருக்கா? 'யோகுட்ல்'னா பனியாறு, அதாவது மலை மேல தேங்கி மெல்ல நகர்ற பனிக்கட்டி. அதுக்கு அடியில இருந்த எரிமலை வெடிச்சு, சாம்பலால ஐரோப்பாவுல நாள் கணக்குல விமானம் ஓடல. உலகத்துக்குத் தெரிஞ்சது சாம்பல் மட்டும்தான். அடிவாரத்துல இருந்தவங்களுக்கு முதல்ல வந்த ஆபத்து தண்ணி. எரிமலைச் சூட்டில் உருகிய பனி வெள்ளமாகத் திரண்டு இந்த ஆற்றுக்கு இறங்கியது. பாலம் தாங்காது என்று தெரிந்ததும் சாலைப் பணியாளர்கள் மண் அள்ளும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, பாலத்துக்குப் பக்கத்தில் தங்கள் சாலையைத் தாங்களே பல இடங்களில் வெட்டினார்கள். வெள்ளம் அந்த வெட்டுகள் வழியே ஓடியது. பாலம் பிழைத்தது.

யோசிச்சுப் பாருங்க. மண்ணாலயும் கல்லாலயும் போட்ட ரோட்டைச் சில நாள்ல திருப்பிப் போட்டுடலாம். பாலம் போனா மாசக் கணக்கு. அதனால எதை இழக்கலாம்னு முடிவெடுக்க அவங்களுக்கு ரொம்ப நேரம் ஆகல.

இன்னும் கொஞ்சம் கிழக்கே, வீக் கிராமத்தைத் தாண்டினா மூலாக்விஸ்ல் ஆறு. அதுக்கு மேல மலையில கட்லாங்கற எரிமலை, பனிக்கு அடியில. 2011 ஜூலை 9 அன்று அங்கிருந்து வந்த வெள்ளம் ஒன்றாம் எண் சாலையின் பாலத்தை மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. டூரிஸ்ட் சீசன் உச்சத்துல இருந்த நேரம். வளையம் அறுந்தது. பெரிய லாரிகளில் கார்களை ஏற்றி ஆற்றுக்குள் இறக்கி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரத்தில் தற்காலிகப் பாலம் தயார். நிரந்தரப் பாலம் வர 2014 ஆனது.

பாசி மூடிய 1783

அடுத்து, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணுக்கெட்டின தூரம் பச்சை மெத்தை விரிச்ச மாதிரி ஒரு இடம் வரும். மேடு பள்ளமா, உருண்டை உருண்டையா, எல்லாத்து மேலயும் கனமான பாசி. அவ்வளவு அழகு. நாங்க கண்ணாடியை இறக்கி வெச்சுட்டுப் பேசாம ஓட்டினோம். அந்தப் பாசிக்கு அடியில இருக்கறது ஐஸ்லாந்து வரலாற்றோட மிகப் பெரிய துக்கம்.

1783 ஜூன் 8 அன்று லாக்கி என்ற இடத்தில் பூமி ஒரு நீண்ட பிளவாகத் திறந்தது. எட்டு மாதம் நெருப்புக் குழம்பு வழிந்தது. அது மூடிய பரப்பு சுமார் 600 சதுர கிலோமீட்டர். ஆனா மக்களைக் கொன்றது குழம்பு இல்ல, அதோட வந்த விஷப்புகை. புல்லில் படிந்த நஞ்சை மேய்ந்து ஆடுமாடுகள் விழுந்தன. ஆடு இல்லாட்டி ஐஸ்லாந்துல பால் இல்ல, கறி இல்ல, கம்பளி இல்ல. பின்னால் வந்தது பஞ்சம். அன்று அந்த நாட்டின் மொத்த மக்கள் தொகை சுமார் 50,000. அதில் ஐந்தில் ஒரு பங்கு பேர் இறந்துபோனார்கள். அந்தக் காலத்தை அவங்க இன்னைக்கும் 'மூடுபனிக் கொடுமை'ங்கற அர்த்தத்துல ஒரு சொல்லால சொல்றாங்க.

அந்தப் பகுதியோட பாதிரியார் யோன் ஸ்டெய்ன்க்ரிம்சன். 1783 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை. நெருப்புக் குழம்பு தேவாலயத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. இதுவே இங்கே கடைசி ஆராதனையாக இருக்கலாம் என்று நினைத்து அவர் மக்களைக் கூட்டிப் பிரசங்கம் செய்தார். வெளியே வந்து பார்த்தபோது குழம்பு நின்றிருந்தது. ஆற்றுத் தண்ணி அதைக் குளிர வெச்சதுன்னு இன்னைக்கு விளக்கம் சொல்லலாம். உள்ள உட்கார்ந்திருந்தவங்களுக்கு அது வேற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். 'நெருப்புப் பிரசங்கம்'னே அதுக்குப் பேர். யோன் தான் பார்த்ததையெல்லாம் எழுதியும் வெச்சார். லாக்கியைப் பத்தி இவ்வளவு துல்லியமா நமக்குத் தெரிய அவர் எழுத்து ஒரு பெரிய காரணம்.

இதை எதுக்கு ரோட்டுக் கதைக்குள்ள சொல்றேன்னா, இந்தத் தென்கரையில ஊருக்கும் ஊருக்கும் நடுவுல ஏன் இவ்வளவு காலி இடம்னு நமக்குத் தோணும். காலி இடம்தான் நமக்கு 'வியூ'. அங்க அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு தேதி இருக்கு.

ஆயிரம் சதுர கிலோமீட்டர் மணல்

இப்ப வர்றோம் அந்தக் கடைசித் துண்டுக்கு. பேரு ஸ்கெய்தாரா மணல்வெளி. வடக்கே வாட்னாயோகுட்ல், ஐஸ்லாந்தின் மிகப் பெரிய பனியாறு. நாட்டின் பரப்பளவில் சுமார் எட்டு சதவீதம் அதுவே. தெற்கே அட்லாண்டிக் கடல். நடுவில் சுமார் 1,000 சதுர கிலோமீட்டருக்குக் கறுப்பு மணலும் கூழாங்கல்லும். மரம் இல்ல, வீடு இல்ல. பனியாற்றிலிருந்து இறங்கும் பெரிய ஆறுகள் மூன்று, அவற்றின் நூறு கிளைகள். இன்னைக்கு ஒரு இடத்துல ஓடுற கிளை நாளைக்கு வேற இடத்துல ஓடும்.

இதோட பெரிய ரகசியம் பனிக்கு அடியில இருக்கு. வாட்னாயோகுட்லுக்கு நடுவில் கிரிம்ஸ்வோட்ன் என்ற எரிமலை. அதன் சூட்டில் பனி உருகி, பனிக்கு அடியிலேயே ஒரு ஏரியாகத் தேங்கும். ஏரி நிறைந்து ஒரு அளவைத் தாண்டினால், மேலே அழுத்தும் பனியையே தூக்கிக்கொண்டு தண்ணீர் அடிவழியாகப் பாயும். இந்த மாதிரி வெள்ளத்துக்கு ஐஸ்லாந்து மொழியில தனிச்சொல்லே இருக்கு. உலகம் முழுக்க இருக்கற புவியியல் புத்தகங்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கிட்டாங்க: 'யோகுல்லோய்ப்'. பனியாற்றுப் பாய்ச்சல்.

இந்த மணல்வெளியைத் தாண்டினால் வரும் பகுதியின் பெயர் ஓரைவி. அந்தச் சொல்லுக்குப் பாழ்நிலம் என்று பொருள். முன்பு அது செழிப்பான பண்ணைகள் இருந்த ஊர். வேறு பெயரும் இருந்தது. 1362-ல் அங்குள்ள எரிமலை வெடித்து எல்லாம் அழிந்தது. மக்கள் திரும்பி வந்தார்கள், ஆனால் பழைய பெயர் திரும்பவில்லை. பாழ்நிலம்ங்கற பேரோட அறுநூறு வருஷத்துக்கும் மேல அங்க குடும்பம் நடத்திட்டு வர்றாங்க.

கிழக்கே ஒரு மணல்வெளி, மேற்கே ஒரு மணல்வெளி, பின்னால பனி, முன்னால துறைமுகமே இல்லாத கடல். அவங்க எப்படி வெளியே போனாங்க? குதிரையில. ஆற்றில் இறங்கப் பழகிய குதிரைகளுக்கு 'தண்ணிக் குதிரை'ன்னே பேர். ஆறு ரொம்பப் பெருகியிருந்தால் குதிரைகளைப் பனியாற்றின் மேலேயே ஏற்றி, வெடிப்புகளைச் சுற்றிக் கடந்தார்கள். மணல்வெளியின் மேற்கு ஓரத்தில் நூப்ஸ்டாதுர் என்று ஒரு பண்ணை. அங்கே வாழ்ந்த ஹான்னெஸ் யோன்சன் 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் தபால்காரர். தபால் பையோடு இந்த ஆறுகளைக் குதிரையில் கடப்பதுதான் அவர் வேலை. மற்றவர்களுக்கும் வழிகாட்டினார். 1968-ல் அவர் இறந்தபோது அங்கே பாலம் வந்திருக்கவில்லை.

கடல் பக்கமும் சாதாரணம் இல்ல. கரை ரொம்பத் தட்டை, தூரத்துல இருந்து பார்த்தா கரையே தெரியாது. 1667-ல் பட்டேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, சரக்கோடு ஹாலந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டச்சுக் கம்பெனிக் கப்பல் இங்கே தரைதட்டி உடைந்தது. அதுல தங்கம் இருக்குன்னு ஒரு கதை விடாம சுத்திட்டே இருந்தது. 1980-களில் மணலைத் தோண்டிக் கப்பலைக் கண்டுபிடித்தே விட்டார்கள். எடுத்துப் பார்த்தால் அது 1903-ல் மூழ்கிய ஒரு ஜெர்மன் மீன்பிடிக் கப்பல்!

அந்த 1903 விபத்துல கரையேறின மாலுமிகளோட கதைதான் கொடுமை. கரைக்கு வந்துட்டாங்க, ஆனா மணல்ல நாள் கணக்கா அலைஞ்சும் வீடு கிடைக்கல. குளிரிலேயே சிலர் செத்தாங்க. அதுக்கப்புறம் 1904-ல், கப்பல் உடைந்து கரையேறுபவர்கள் ஒதுங்குவதற்காக அந்த மணல்வெளியில் ஒரு தஞ்சக் குடில் கட்டப்பட்டது. கட்டக் காரணமா இருந்தவர், நாட்டுக்கு முதல் காரைக் கொண்டுவந்த அதே டிட்லெவ் தாம்சென். அதே வருஷம். ரெய்க்யவிக்ல ஒரு கார், மணல்வெளியில ஒரு குடில். அந்தக் கார் அந்தக் குடில் வரைக்கும் வர்றதுக்கு ஒரு ரோடு தேவைப்பட்டது. அதுக்கு எழுபது வருஷம் ஆச்சு.

லாட்டரிச் சீட்டால் கட்டிய பாலம்

1967-ல் கிழக்குப் பக்கம், இன்று எல்லாரும் பனிப்பாளம் மிதக்கும் ஏரியைப் பார்க்கப் போகும் இடத்தில், ஒரு தொங்கு பாலம் வந்தது. அதோட ஓரைவிக்குக் கிழக்கு வழி திறந்தது. மேற்கே மட்டும் அடைப்பு. இன்னைக்கு ஓரைவியில இருக்கற ஸ்காஃப்டாஃபெல்ல இருந்து ரெய்க்யவிக் சுமார் 325 கிலோமீட்டர். 1974-க்கு முன்னாடி கார்ல போகணும்னா கிழக்கே போய், வடக்கே ஏறி, தீவையே சுத்திக்கிட்டு 1,000 கிலோமீட்டருக்கும் மேல போகணும்.

1974 ஐஸ்லாந்துக்கு முக்கியமான வருஷம். 874-ல் முதல் குடியேறி இங்கோல்ஃபுர் ஆர்னார்சன் வந்தார் என்பது மரபு. ஆக 1,100-வது ஆண்டு. அதற்குள் வளையத்தை மூடிவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். காசு? ஜனத்தொகையே ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. அரசு ஒரு வித்தியாசமான கடன் பத்திரத்தை வெளியிட்டது. மக்கள் அதை வாங்கினால் விலைவாசிக்கு ஏற்ப மதிப்பு ஏறும். அதோடு குலுக்கலில் பரிசும் விழலாம். கடன் பத்திரமும் அதுதான், லாட்டரிச் சீட்டும் அதுதான். விலைவாசி தாறுமாறா ஏறிட்டிருந்த நாடு அது. தேசபக்தி ஒரு பக்கம், காசு கரையாம இருக்குமேங்கற கணக்கு ஒரு பக்கம், பரிசு ஆசை ஒரு பக்கம். மூணும் சேர்ந்துதான் பாலம் எழும்பிச்சு.

வேலை நடந்த காலமும் அமைதியான காலம் இல்ல. 1972-ல் மீன்பிடி எல்லையை 50 கடல் மைலாக விரித்ததால் பிரிட்டனோடு கடலில் மோதல். 1973 ஜனவரி 23 அன்று தெற்கே ஹெய்மாயி என்ற தீவில் நள்ளிரவில் எரிமலை வெடித்து, 5,000 பேருக்கும் மேல் ஒரே இரவில் படகேறித் தப்பினார்கள். அவ்வளவு பேருக்கும் வீடு பார்க்கணும். அந்தச் செலவு எல்லாம் தலையில இருக்கும்போதும் மணல்வெளியில வேலை நிக்கல. மூன்று ஆறுகளுக்கும் பாலங்கள், வெள்ளத்தைத் திருப்பப் பல கிலோமீட்டருக்குக் கரைகள். ஸ்கெய்தாரா ஆற்றின் மேல் போட்ட பாலம் மட்டும் சுமார் 900 மீட்டர். நாட்டிலேயே நீளமானது. ஒருத்தழிப் பாலம், ஒரு நேரத்துல ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும்.

1996: பதினைந்து மணி நேரம்

1996 செப்டம்பர் 30 அன்று வாட்னாயோகுட்லுக்கு அடியில் எரிமலை வெடித்தது. இரண்டு வாரத்தில் ஓய்ந்தது. உருகிய தண்ணீர் எல்லாம் கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் சேர்ந்துகொண்டே இருந்தது. வரும்னு எல்லாருக்கும் தெரியும், என்னைக்குன்னு தெரியாது. கரைகளை உயர்த்தினார்கள். நிருபர்கள் கேமராவோடு காத்திருந்தார்கள். ஒரு மாசம் ஒண்ணும் நடக்கல.

நவம்பர் 5 காலையில் வந்தது. சுமார் பதினைந்து மணி நேரத்தில் உச்சம்: விநாடிக்கு ஏறக்குறைய 50,000 கன மீட்டர். நாம நியூஸ்ல கேக்கற கன அடியில சொன்னா 15 லட்சத்துக்கும் மேல. வீடு அளவுக்குப் பனிப்பாளங்கள் அதில் மிதந்து வந்து பாலங்களை இடித்தன. நடு ஆற்றுப் பாலம் முழுசா போச்சு. ஸ்கெய்தாரா பாலத்துல 170 மீட்டருக்கும் மேல போச்சு. சுமார் பத்து கிலோமீட்டர் ரோடு இருந்த இடம் தெரியல. ஒரு உயிர் கூடப் போகல.

சுமார் மூன்று வாரத்தில் தற்காலிகப் பாதையில் வண்டிகள் ஓட ஆரம்பித்தன. கதை அதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா ஆறு வேற முடிவு எடுத்தது. வெப்பநிலை உயர்ந்து பனியாறு பின்வாங்க, 2009-ல் ஸ்கெய்தாரா தன் படுகையை விட்டு மேற்கே பக்கத்து ஆற்றோடு போய்ச் சேர்ந்துவிட்டது. எந்த ஆற்றுக்காக ஒரு நாடே லாட்டரிச் சீட்டு வாங்கினதோ, அந்த ஆறு இப்ப அந்தப் பாலத்துக்கு அடியில இல்ல. நாட்டின் மிக நீளமான பாலம் காய்ந்த மணலின் மேல் நின்றது. 2017-ல் கொஞ்ச தூரத்தில் மிச்சமிருந்த சின்ன ஓடைக்கு எழுபது மீட்டருக்கும் குறைவான ஒரு புதுப் பாலம் போட்டு, பழையதை ஓய்வெடுக்க விட்டார்கள். இப்ப நாம போறது அந்தச் சின்னப் பாலத்துலதான்.

எங்கள் வாக்குவாதம்

1996-ல் முறுக்கிக்கொண்டு போன இரும்பு உத்திரங்கள் இரண்டை ரோட்டோரம் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். காத்து அப்படி அடிக்குது, கார்க் கதவை ரெண்டு கையால பிடிச்சுத்தான் திறக்கணும். அந்த உத்திரத்துக்குப் பக்கத்துல நின்னுதான் என் கணவர் கேட்டார்.

"1974-ல ஒரு தடவை கட்டினது சரி. 96-ல போச்சு. 2011-ல பக்கத்துல ஒண்ணு போச்சு. அடுத்ததும் போகும். ஒரு சில பண்ணைக்காக வருஷா வருஷம் இதுக்கு யார் காசு கட்டறது?"

"அப்ப அந்தப் பண்ணைக்காரங்க என்னப்பா பண்றது? இன்னும் குதிரையிலயே போகணுமா?"

"நான் அப்படிச் சொல்லல. என் ரிப்போர்ட்ல இது பாஸ் ஆகாதுன்னு சொல்றேன்."

"ரோடே இல்லாத இடத்துல போய் ட்ராஃபிக் கவுன்ட் எடுத்தா ஜீரோதானே வரும்? தபால்காரர் குதிரை ஒண்ணு, மாசத்துக்கு ஒரு தடவை."

அவர் சிரிச்சார். ஆனா ஒத்துக்கல. அவர் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு இடத்துல போற காசு இன்னொரு இடத்துக்கு வராது. ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்குன்னு கேக்கறவங்க எல்லா நாட்லயும் இருக்காங்க. அன்னைக்கு வளையம் மூடினதால இன்னைக்கு டூரிசம் கொழிக்குதுன்னு சொல்லலாம். 2018-ல் அந்த நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 20 லட்சத்துக்கும் மேல், சொந்த ஜனத்தொகையைப் போல ஆறு மடங்குக்கும் மேல். ஓரைவியில பழைய பண்ணைகள் சில இன்னைக்கு விடுதிகள். ஆனா "அது யாரும் முன்கூட்டிக் கணக்குப் போடாத அதிர்ஷ்டம், அதைக் காரணமாக் காட்டக் கூடாது"ன்னார் அவர். அதுவும் சரிதான்.

என் பதில் வேற. 1974-ல அவங்க ஒரு பாலத்துக்கு மட்டும் காசு போடல. உடையும்போதெல்லாம் திருப்பிக் கட்டுவோம்னு ஒரு ஒப்பந்தத்துக்குப் போட்டாங்க. 96-லயும் சரி, 2011-லயும் சரி, 'இதைத் திருப்பிக் கட்டணுமா'ன்னு கேள்வி எழறதுக்கு முன்னாடியே லாரிகள் கிளம்பிடுச்சு. ஓரைவிக்காரங்க கணக்குல எத்தனை பேர்ங்கறது அங்க கேள்வியாவே வரல. வளையம்னா வளையம், ஒரு இடத்துல விட்டா அது வளையம் இல்ல. அதே வளையம் முழுசாத் தார் ரோடா மாறினது 2019-லதான். அதுக்கும் யாரும் அவசரப்படல, யாரும் விட்டுடவும் இல்ல.

அவர் ரொம்ப நேரம் பேசல. ஹோஃப்ன் ஊருக்குப் பக்கத்துல ஒரு ஒருத்தழிப் பாலம். எதிர்ல வந்த வண்டி நமக்காக நின்னு லைட் போட்டுக் காட்டினது. தாண்டினதும் சொன்னார், "நான் எழுதற ரிப்போர்ட்ல 'ரோடு இல்லாட்டி என்ன ஆகும்'னு ஒரு பத்தி இருக்கு. அதை எல்லாரும் ரெண்டு வரியில முடிச்சிடுவோம். அந்தப் பத்தியைக் கொஞ்சம் நீளமா எழுதலாம்."

அவ்வளவுதான் ஒத்துக்கிட்டார். எனக்கு அது போதும். மீதிச் சண்டையை வடக்குப் பக்கம் ஓட்டும்போது போட்டோம்.

நீங்க இந்த ரோட்ல போனீங்கன்னா, அருவிக்கெல்லாம் நிறுத்துங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஸ்காஃப்டாஃபெல்லுக்குக் கொஞ்சம் முன்னாடி அந்த முறுக்கின உத்திரம் இருக்கற இடத்துலயும் ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்க. அங்கிருந்து பார்த்தா வடக்கே பனியாறு தெரியும், தெற்கே தண்ணியே இல்லாத ஆத்துப் படுகை தெரியும். பாசி மேல மட்டும் எங்கயும் கால் வெக்காதீங்க. அது ஒரு தடவை பெயர்ந்தா திரும்ப மூட ரொம்ப வருஷம் ஆகும்.

உங்க ஊருக்கு ரோடோ பாலமோ எப்ப வந்தது, அதுக்கு முன்னாடி எப்படிப் போனாங்கன்னு வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டு எங்களுக்கு எழுதுங்க. நல்ல கதைகளை அடுத்த எபிசோட்கள்ல படிக்கிறோம்.